வளர்ச்சி இல்லை

முதலில் பஞ்சுக்குச்சியில்தான் வந்தது.
மூன்றாம் மாடி, ஆண்கள் வார்டு, கட்டில் பதினேழு.
ஏசுபாதம், ஐம்பத்திரண்டு,
சர்க்கரை, இடது கால் புண், சீழ்.
காசிமேட்டில் விஞ்ச் ஓட்டுகிறவர் என்பது
படிவத்தில் இல்லை.

கண்ணாடிச் சில்லில் தேய்த்துச் சாயமேற்றிப் பார்த்தால்
கூட்டம்.
சிவப்பாய்ச் சின்னக் குச்சிகள், இடையிடையே ஊதாச் சங்கிலி,
ஞாயிறு விடியலின் ஏலக்கூடம் மாதிரி
நிற்க இடமில்லை.
அதையே தட்டில் விதைத்தால்
மறுநாள் ஒன்றுமில்லை, அதற்கு மறுநாளும்.
"வளர்ச்சி இல்லைன்னு அடிச்சு அனுப்பிடு" என்றார் குமரகுரு சார்
டீயை ஊதிக்கொண்டே.

சில்லில் இருந்தவர்கள் தட்டில் இல்லையென்றால்
வழியில் செத்திருக்கிறார்கள்,
மூன்று மாடி இறங்கும் காற்றில்.

லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை. ஏறினேன்.
ஹவுஸ் சர்ஜன் பெண்ணிடம் சொன்னேன்:
பஞ்சு வேண்டாம்மா. ஆழத்திலிருந்து ஊசியால் உறிஞ்சு,
குமிழியை வெளியே தள்ளு, முனையை அடை,
கையில் கொடு, நானே ஓடிவிடுகிறேன்.

கட்டிலில் இருந்தவர் கேட்டார்,
"காத்து பட்டா இன்னா மேடம் ஆவும்?"
"செத்துடும்."
"அப்ப கட்டைப் பிரிச்சு காத்தாட உட்டுருங்களேன்."

எனக்குப் பதில் வரவில்லை.
நாளைக்குச் சர்ஜன் கத்தியோடு வந்து
செய்யப்போவதும் கிட்டத்தட்ட அதுதான்.

ஜாடிக்குள் தட்டுகள், வேதிப்பொட்டலம்,
சாட்சிக்கு ஒரு நீலத்தாள். மூடியை இறுக்கினேன்.
ஆக்சிஜன் தீரத் தீர நீலம் வெளுக்கும்.
வண்ணாரப்பேட்டைக்காரிக்கு
வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது புதிதில்லை.
சாயங்காலத்துக்குள் தாள் வெள்ளை.
நாற்பத்தெட்டு மணி நேரம்.
பிளாஸ்திரியில் எழுதி ஒட்டினேன்: தொடாதே. கஸ்தூரி.

திறந்ததும் முதலில் வாடைதான் வந்தது.
இங்கே பிறந்தவளுக்கு
மூக்கால் வகைபிரிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம்.
வடக்கே அடித்தால் மணலி எண்ணெய்,
கிழக்கே அடித்தால் கருவாடு,
காற்றே இல்லையென்றால் கொடுங்கையூர்.
இது எதிலும் சேரவில்லை.

ஒவ்வொன்றையும் இரண்டாய்ப் பிரித்து
ஒன்றை ஜாடியில் அடைத்தேன், ஒன்றை வெளியே விட்டேன்.
வெளியே முளைக்காதவை மட்டும் என் ஆட்கள்.
பிறகு மூன்று மருந்துவில்லைகள்:
வான்கோமைசின், கானாமைசின், கொலிஸ்டின்.

மூன்றுக்கும் மசியாமல்
வில்லையின் விளிம்பை உரசிக்கொண்டு நின்றது ஒன்று.
பித்தம் கலந்த ஊட்டத்தில் போட்டேன், தழைத்தது, தட்டே கறுத்தது.
பாக்டீராய்டிஸ்.
குடலில் ஒழுங்காய் வாடகை கொடுத்துக் குடியிருக்கிற ஆசாமி,
இடம் மாறினால்தான் ரகளை.

அடுத்தது, விளக்கணைத்துப் புற ஊதாவில் காட்டியதும்
செங்கல் சிவப்பில் கனன்றது.
ப்ரீவோடெல்லா. ஒரு காலத்தில் இதுவும் பாக்டீராய்டிஸ்தான்.
யாரோ எங்கோ உட்கார்ந்து பெயர் மாற்றினார்கள்.
எங்கள் தெருவுக்கும் இரண்டு முறை மாற்றினார்கள்,
தபால்காரர் மூன்றையும் நினைவில் வைத்திருக்கிறார்.

ஊதாச் சங்கிலி வான்கோமைசினுக்குப் பணிந்தது.
அதற்குமேல் கேட்க எங்களிடம் கருவி கிடையாது.
'காற்றில்லாமல் வாழும் கிராம் பாசிட்டிவ் உருண்டை'
என்று எழுதும்போது கை கொஞ்சம் நின்றது.
எந்த ஏரியா என்று கேட்டு
வியாசர்பாடி என்றதும்
பேனாவை மூடிவிடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

ஏழாம் நாள் குமரகுரு சார் கையெழுத்துப் போட்டார்,
ஒன்றும் சொல்லாமல்.

அதற்குள் இரண்டு விரல்கள் போயிருந்தன. பாதம் இருந்தது.
"பேரு கண்டுபுட்ச்சீங்களா?"
சொன்னேன். ஒவ்வொன்றாய்ச் சொல்லிப் பார்த்தார்,
இரண்டாவதில் நாக்கு இடறி, திரும்பவும் சொன்னார்.
"ப்ரீவோடெல்லா. போட்டுக்கு வெக்கலாம் மேடம்."

ஜன்னலோரக் கட்டில் கேட்டு மாறியிருந்தார்.
படிவத்தில் பதினேழை அடித்துவிட்டுப்
பத்தொன்பது என்று எழுதினேன்.